வெள்ளை மெஷினின் பம்ப்

மார்ச் 3

மெஷின் வைத்தியருக்கு,

நேற்று போனில் பத்து நிமிடம் பேசினேன். நீங்கள் பதினொரு முறை "ம்" சொன்னீர்கள். நடுவில் ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. "பேத்தி குப்புற விழுந்துட்டாங்க" என்று சொன்னதற்கு "ம், ரப்பர் காஞ்சிருக்கும்" என்று பதில் வந்தது. இனிமேல் போன் வேண்டாம். கடிதம் என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தானே படிக்க வேண்டும்.

எப்போது வருவாய் என்று கேட்டீர்கள். மகளின் பேறுகாலத்துக்கு வந்தவள் நாற்பது நாளில் திரும்பியிருக்க வேண்டும். நாலு மாதம் ஆகிவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் எங்கே வருவது? அடுக்களையில் மூன்று மெஷின், கூடத்தில் இரண்டு, படுக்கையறை ஜன்னலோரம் ஒன்று, குளியலறைக்குப் போகிற வழியில் ஒன்று. ஏழு பாத்திரம் கழுவும் மெஷின் இருக்கிற வீட்டில், கையால் பாத்திரம் தேய்த்த ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

நான் கிளம்பின அன்று காலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. ஏழில் ஓடிக்கொண்டிருந்தது வெள்ளை ஒன்றுதான். பெட்டியை மூடிவிட்டு அடுக்களைக்கு வந்தால், அதைக் குப்புறப் போட்டு அதன் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். "பச்சை மெஷினுக்கு வேணும், ரெண்டு நாள்தான்" என்றீர்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டில் ஒரே ஒரு மெஷின் இருக்கட்டும். அது ஓடட்டும். அடுக்களைத் தரை கண்ணுக்குத் தெரியட்டும். அன்றைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

கோபக்காரிக்கு,

கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் படித்தேன். கை கழுவிவிட்டுப் படித்தேன். ஓரத்தில் இருக்கிற கிரீஸ் கறை நான் எழுதும்போது பட்டது, மன்னித்துக்கொள்.

வெள்ளையின் பம்ப்பைக் கழற்றினதை இத்தனை நாள் மனசில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மூன்று லிப்ட் இருக்கிற கட்டடத்தில் நடு லிப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வோம்? ஓரத்து லிப்ட்டை நிறுத்தி, அதன் பாகத்தைக் கழற்றி, நடு லிப்ட்டை ஓட்டுவோம். நல்லது ஓட வேண்டும் என்பதற்காக மட்டமானதை நிறுத்துவது எங்கள் தொழிலில் நாள்தோறும் நடக்கிறதுதான். வெள்ளை ஓரத்து லிப்ட். பக்கவாட்டில் நசுங்கல், கூடையெல்லாம் துரு, கதவைச் சாத்தினால் இடித்த மாதிரி சத்தம். பச்சை அப்படியா? நாற்பத்தெட்டு வயது, கதவில் ஒரு கீறல் இல்லை. கதவை ஒரு விரலால் இழுத்தால் போதும், தானாக மெதுவாக இறங்கி நிற்கும். இப்போது வருகிற எந்த மெஷினிலும் அந்த ஸ்பிரிங் கிடையாது. நீ ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் இப்படி எழுத மாட்டாய்.

பம்ப் சரியாகப் பொருந்திவிட்டது. இப்போது டைமர்தான் தகராறு. கழுவி முடித்து அலசுகிற இடத்துக்கு வந்ததும் முள் நின்றுவிடுகிறது. அதற்கு ஒரு பல்சக்கரம் வேண்டும். கீழே சக்கரம் வைத்து உருட்டுகிற மெஷினில் அதே அளவில் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இதெல்லாம் யாருக்காக? உனக்காகத்தான். அதையாவது புரிந்துகொள்.

சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தாய்? தேடாத இடமில்லை.

உன் வீட்டுக்காரர்

மார்ச் 15

ஏழு மெஷின் முதலாளிக்கு,

சர்க்கரை டப்பா கூடத்து மெஷின் ஒன்றின் உள்ளே, மேல் கூடையில் இருக்கிறது. அடுக்களையில் வைக்க இடமில்லாமல் நான்தான் அங்கே வைத்தேன். தேடாத இடமில்லை என்கிறீர்கள், அதன் கதவை இந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை என்று தெரிகிறது.

"உனக்காகத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். மாப்பிள்ளை எடுத்து நீவிக் கொடுத்தார். பாவம், என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

எனக்காக நீங்கள் செய்தது ஒன்றுதான். அதை நான் மறக்கவில்லை. தொழிற்சாலை கேண்டீனில் இருபத்தாறு வருஷம் நின்றேன். ஒரு நாளைக்கு நானூறு தட்டு. கடைசியில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உப்பைத் தொட்டால் உயிர் போகும். சோப்புத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது, கையுறை போட்டு உள்ளே வியர்த்தாலும் புண் ஆறாது என்று டாக்டர் சொன்னார். அந்த வாரமே, வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்களிடம் கேட்டு வெள்ளையைத் தூக்கி வந்தீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓட வைத்தீர்கள். முதல் நாள் ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறு மாதத்தில் என் கை ஆறியது. நான் உங்களைப் பற்றிப் பேசாத ஆளில்லை அப்போது.

அதற்குப் பிறகு வந்த ஆறும் உங்களுக்காக வந்தவை. அதை ஒப்புக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. ஒன்று ஓட ஆரம்பித்தால் உங்களுக்குக் கை பரபரக்கும். ஓடுகிறதிலிருந்து கழற்றி ஓடாததில் மாட்டுவீர்கள். அது ஓடும் முன்பே அதைவிட அழகானது ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். ஓரத்து லிப்ட் என்றீர்களே, நான் ஏறிப் போய்க்கொண்டிருந்த லிப்ட் அதுதான்.

இங்கே மாப்பிள்ளைதான் பாத்திரம் தேய்க்கிறார். வேலையிலிருந்து வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே தேய்க்கிறார். முகம் சுளிப்பதில்லை. அவர் சுளித்தால்கூட நிம்மதியாக இருக்கும். மாப்பிள்ளை என் எச்சில் தட்டைக் கழுவுகிறார், நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு இப்படி இருக்க முடியும்?

இந்தக் கட்டடத்தில் கீழ்வீடு காலியாகிவிட்டது. ஒரு அறை, ஒரு அடுக்களை. வீட்டுக்காரம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

பேத்தி சுகம்.

மார்ச் 24

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. உடனே எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் போகவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பச்சையை வியாழக்கிழமை ஓட்டினேன். டைமர் நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஓடவிட்டுவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்தால் அடுக்களையிலும் கூடத்திலும் தண்ணீர். மோட்டார் தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து பிளந்திருக்கிறது. வருஷக்கணக்காகச் சும்மா நின்ற மெஷினுக்கு வருகிற வியாதி அது. நாள்தோறும் ஓடுகிறதில் ரப்பர் ஈரத்திலேயே இருக்கும், சுருங்காது. எல்லாருக்கும் நான் சொல்கிற பாடம்தான், என் வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

தண்ணீர் கதவிடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா வீட்டுக்குள் போய், யாரோ கொடுத்திருந்த கோட்டுத் துணியை நனைத்துவிட்டது. அவர் வந்து என்னோடு சேர்ந்து தரையைத் துடைத்தார். "அண்ணே, ஏழு மெஷின் வச்சிருக்கீங்க, தரைய மட்டும் பழைய வேட்டியாலதான் தொடைக்கணும் போல" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலமே பச்சையிலிருந்து பம்ப்பைக் கழற்றி வெள்ளையில் மாட்டிவிட்டேன். கூடையில் துருப் பிடித்த கம்பிகளைத் தேய்த்து, பிளாஸ்டிக் பூச்சு இரண்டு தடவை பூசிக் காயவைத்தேன். வெள்ளை ஓடுகிறது. ஆனால் தட்டெல்லாம் மாவு பூசின மாதிரி வெளுத்து வெளியே வருகிறது. கண்ணாடி டம்ளர் பனி படிந்த ஜன்னல் மாதிரி இருக்கிறது. பம்ப்பை மூன்று தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கீழ்வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லிவிடாதே.

உன் வீட்டுக்காரர்

ஏப்ரல் 2

பம்ப்பைப் பிரிப்பவருக்கு,

பம்ப்பை இனிமேல் தொடாதீர்கள். குறை பம்ப்பில் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

தட்டையெல்லாம் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தானே உள்ளே வைக்கிறீர்கள்? குழாயில் ஒரு பருக்கை அடைத்துவிடுமோ என்று பயந்து வைப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு? இப்போது கடையில் கிடைக்கிற பொடி அழுக்கைத் தின்கிற பொடி. தின்ன அழுக்கு இல்லாவிட்டால் கண்ணாடியைத் தின்னும். கேண்டீனில் கடைசி மூன்று வருஷம் மெஷின் போட்டார்கள். புதுசாக வந்த பெண் தட்டைக் கழுவிக் கழுவிக் கொடுத்து இருநூறு டம்ளரை வெளுக்க வைத்தாள். பெரிய துண்டை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு அப்படியே வையுங்கள்.

இன்னொன்று. வெள்ளை பழைய மெஷின், தண்ணீரைத் தானாகச் சுட வைக்கத் தெம்பில்லை. போடும் முன்னால் பக்கத்து வெந்நீர்க் குழாயைத் திறந்து, கை பொறுக்காத சூடு வரும்வரை விடுங்கள். அப்புறம் மெஷினைப் போடுங்கள். இப்போதைய பொடி நின்று நிதானமாக வேலை செய்கிறது, அந்த மெஷினோ அடித்துப் பிடித்து முடித்துவிடும். அதனால் முதல் தண்ணீருக்கும் அரைக் கரண்டி பொடி உள்ளேயே தூவுங்கள். நான் இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் கவனித்ததில்லை.

மூன்று பரீட்சை வைக்கிறேன். முட்டை ஒட்டிக் காய்ந்த தட்டு. அடிப்பிடித்த பால் பாத்திரம். உதட்டுச் சாயம் ஒட்டின டம்ளர். அதற்கு வேண்டுமானால் தையல்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காபி கொடுங்கள், துணி நனைந்ததற்கும் சேர்த்து. மூன்றும் தேறினால் உண்மையைச் சொல்லுங்கள், தேறாவிட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள். படம் பிடித்து அனுப்ப வேண்டாம். படத்தில் எதுவும் பளபளக்கும்.

கீழ்வீட்டை ஏப்ரல் கடைசிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக அந்தம்மா சொல்லியிருக்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

முடியை எவ்வளவு குட்டையாக வெட்டினார்கள்?

ஏப்ரல் 10

என் பரீட்சை அதிகாரிக்கு,

தட்டு தேறியது. டம்ளர் தேறியது. பால் பாத்திரம் முதல் தடவை தேறவில்லை. அடியில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு நின்றது. மறுநாள் அப்படியே திரும்ப வைத்தேன், போய்விட்டது. தையல்கார அம்மா காபி குடித்துவிட்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அக்காகிட்ட நானே சொல்றேன்" என்றார். நான் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே சொல்ல வேண்டும் அல்லவா?

நீ இரண்டு வருஷமாகப் பொடியைத் தூவினதை நான் கவனிக்கவில்லை. உண்மைதான். மெஷின் நன்றாக ஓடுவதற்குக் காரணம் என் கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி உன் கை.

இரண்டு வாரத்துக்கு மேலாக வெள்ளை ஒரு நாளும் நிற்காமல் ஓடுகிறது. மற்ற ஆறும் போய்விட்டன. பழைய சாமான் சேர்க்கிறவர் ஒருவர் வந்து நாலை எடுத்துக்கொண்டு போனார், ஒன்றை இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டேன். பச்சை போனது நேற்று. வண்டியில் ஏற்றும்போது கதவு தானாகத் திறந்து மெதுவாக இறங்கியது. நான் உள்ளே வந்துவிட்டேன், பார்க்க முடியவில்லை. நீ சொன்னது சரிதான், அதெல்லாம் எனக்காக வந்தவை.

அடுக்களைத் தரை தெரிகிறது. மெஷின்கள் நின்ற இடத்திலெல்லாம் சதுரம் சதுரமாகக் கறை இருந்தது, முட்டி போட்டுத் துடைத்தேன்.

இனி ஒரு மெஷின்கூட நம் வீட்டுக்குள் வராது. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நீ குறை சொல்வாய், அதனால் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் உருண்டையாக, மேலே திறக்கிற மாதிரி ஒரு மெஷின் இருக்கிறதாம். அந்த மெஷினுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த மாதிரியை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். நான் பதில்கூடப் போடவில்லை.

நீ எப்போது வருகிறாய்? தேதி எழுது, பஸ் நிலையத்துக்கு வருகிறேன்.

முடி ரொம்பக் குட்டைதான். பேத்தி பயப்படுவாள்.

உன் வீட்டுக்காரர்

ஏப்ரல் 17, நம் வீட்டு அடுக்களை, பகல் ஒரு மணி

உங்களுக்கு,

தேதி எழுதாமலே வந்துவிட்டேன். பஸ் நிலையத்தில் நீங்கள் நிற்பதைவிட, வாசலில் என்னைப் பார்த்து உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. தையல்கார அம்மாதான் சாவி கொடுத்தார். "அண்ணன் கடைக்குப் போயிருப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

தரை சுத்தமாக இருந்தது. கூடத்தில் நடக்க முடிந்தது. வெள்ளையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள். "முதலில் பக்கத்துக் குழாய். சூடு வரட்டும். அரைக் கரண்டி உள்ளே. சாத்தும்போது இடிக்காது, ஸ்பிரிங் மாற்றிவிட்டேன்." எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில். அதை இரண்டு தடவை படித்தேன். தொட்டியில் கிடந்த உங்கள் தட்டுகளை உள்ளே அடுக்கி ஓட்டினேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தட்டெல்லாம் அப்படியொரு சுத்தம். நீங்கள் எழுதினதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பையில் இருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

பதினொன்றரைக்கு வாசலில் வேன் வந்து நின்றது.

டிரைவர் இறங்கி, "ஐயா வீடு இதானுங்களா? உருண்டை மெஷினை எங்க எறக்கணும்?" என்று கேட்டார். எங்கிருந்து என்றேன். மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து என்றார். வண்டியில் இடமில்லாததால் நீங்கள் பஸ்ஸில் வருகிறீர்களாம், வர மூன்று மணி ஆகுமாம். "ரொம்ப சந்தோஷமா இருந்தாரும்மா. வழியெல்லாம் பாத்துப் போ, இடிச்சிராதன்னு நூறு தடவ சொன்னாரு" என்றார்.

நான் சத்தம் போடவில்லை. அடுக்களைக்குப் போய் அழுதேன். மெஷின் ஓடாமல் இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். கழுவின தட்டுகள் இன்னும் சூடாகவே இருந்தன.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நீங்கள் என்னை ஏமாற்ற நினைத்துப் போகவில்லை. காலையில் எழுந்ததும் கை பரபரத்திருக்கும், பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன் என்று போயிருப்பீர்கள். அந்த உருண்டை மெஷினை நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பம்ப் இல்லை. மூடியைத் திறந்து, கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பம்ப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

இனி நடக்கப்போவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு நாள்தான் என்பீர்கள்.

அதனால் வெள்ளையை எடுத்துக்கொண்டு போகிறேன். தண்ணீர்க் குழாயை அடைத்து, வாளி வைத்து, பின்னால் இருக்கிற குழாய் இரண்டையும் நானே கழற்றினேன். எந்த ஸ்பேனர் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. வேன் காலியாகத்தான் திரும்புகிறது, மகள் வீடு அவர் போகிற வழியில்தான் இருக்கிறது. டிரைவரும் அவர் மச்சானும் ஏற்றுகிறார்கள். அலமாரியில் வைத்த துணியை மறுபடி பையில் வைத்துவிட்டேன். கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கவில்லை, அதோடுதான் போகிறது.

கீழ்வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிருந்தே போன் செய்து சரி என்று சொல்லிவிட்டேன். அந்த அடுக்களை சின்னது. இரண்டு பேர் நின்று சமைக்கலாம், ஒரு மெஷின் வைக்கலாம். இரண்டாவது மெஷினுக்கு இடமே இல்லை. அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

உருண்டையைக் கூடத்தின் நடுவில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வெளிச்சம் நன்றாக விழும். அதோடு எத்தனை நாள் இருக்க வேண்டுமோ இருந்து பாருங்கள். நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன மாதமே தீர்ந்துவிட்டது, இப்போது அலுப்புதான் இருக்கிறது.

என்றைக்காவது அங்கே வர வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைக்கிறவர் நீங்கள். என் வீட்டுக்கு வெறுங்கையோடு வாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.